புங்கவளவுக்கு எத்தனை நிமிஷம்?

முப்பத்தோரு வருஷம் நாமக்கல்லில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் டி.எம்.டி. டெக்னீஷியனாக வேலை பார்த்தேன். நெஞ்சில் லீடு ஒட்டி, ஆளை டிரெட்மில்லில் ஏற்றி, வேகத்தைக் கூட்டிக்கொண்டே போய், இதயம் எந்த இடத்தில் முரண்டு பிடிக்கிறது என்று பார்த்துச் சொல்லும் வேலை. ஆயிரக்கணக்கானவர்களை ஓடவிட்டிருக்கிறேன். நான் ஒரு நாளும் ஓடியதில்லை. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற தம்பி தங்கைகள் இதைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம். பல் டாக்டர் எல்லோருக்கும் முப்பத்திரண்டு பல்லும் இருக்கிறதா என்ன?

ரிட்டயர் ஆன இரண்டாம் மாதம் விக்ரம் என்று ஒரு கோயம்புத்தூர் பையன் போன் செய்தான். கொல்லிமலையில் ட்ரெயில் ரன் நடத்துகிறானாம். அதாவது ரோட்டை விட்டுவிட்டுக் கல்லிலும் முள்ளிலும் ஓடுவது. வருகிறவர்களைப் பரிசோதித்து லெவல் பிரித்துத் தர வேண்டும் என்றான்.

"காட்டுக்குள்ள ஓடறதுக்கு எதுக்குத் தம்பி லெவல்?"

"லெவல் இல்லேன்னா யாருக்கும் தூக்கம் வராது சார்."

அவன் சொன்னது எவ்வளவு உண்மை என்று பிறகுதான் தெரிந்தது.

1. எழுபது வளைவுக்குப் பிறகு எடுத்த பி.பி.

மலை மேலே செம்மேட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் வெள்ளிக்கிழமை காலை கடை விரித்தேன். ஒரு அடி உயர மரப்பெட்டி, பி.பி. மெஷின், விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர், தேவைப்பட்டால் ஈ.சி.ஜி. டெஸ்ட் சுலபமானது. தாளத்துக்கு ஏற்றபடி மூன்று நிமிஷம் பெட்டியில் ஏறி இறங்க வேண்டும். முடிந்ததும் பல்ஸ் பார்ப்பேன். ஒரு நிமிஷம் உட்காரவைத்து மறுபடி பார்ப்பேன். மூன்று லெவல். எலைட்டுக்குச் சிவப்பு பிப், இடைநிலைக்கு நீலம், ஆர்வலர்களுக்கு மஞ்சள். பிப் என்றால் நெஞ்சில் குத்திக்கொள்ளும் நம்பர் அட்டை. அதன் பின்னால் நேரம் கணக்கிடும் சிப் ஒட்டியிருக்கும்.

முதல் இருபது பேருக்கு பி.பி. பார்த்ததும் விக்ரம் வெலவெலத்துவிட்டான். முக்கால்வாசிப் பேருக்கு ஏறிக் கிடந்தது. போன மாதம் இமயமலையில் ஓடிவிட்டு வந்த ஒருவருக்கு, கல்யாண மண்டபத்து மேனேஜரைவிட அதிகமாக இருந்தது.

"சார், ரேஸை கேன்சல் பண்ணிடலாமா?"

நான் அந்த ஓட்டக்காரரைக் கேட்டேன். "வேன்ல முன் சீட்டா, பின் சீட்டா?"

"பின் சீட்டு சார். கடைசி."

காரவள்ளியில் ஆரம்பித்து எழுபது கொண்டை ஊசி வளைவு. பின் சீட்டில் இருந்தவர்களுக்கு எல்லாம் அதிகம், முன் சீட்டுக்காரர்களுக்கு எல்லாம் சரி. அத்தனை பேரையும் மண்டபத்தில் ஜமுக்காளம் விரித்துப் படுக்கவைத்து, எலுமிச்சம்பழம் கொடுத்து முகரச் சொன்னேன். கால்சட்டையும் கறுப்புக் கண்ணாடியுமாக நாற்பது பேர் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு மல்லாந்து கிடந்தார்கள். தண்ணீர்க் கேன் கொண்டுவந்தவர் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, சாப்பாட்டில் ஏதாவது கோளாறா என்று என் காதில் கேட்டார். அரை மணி நேரம் கழித்து எல்லோருக்கும் பி.பி. இறங்கிவிட்டது.

லெவல்களைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். சிவப்புக்காரர்கள் அதிகம் பேச மாட்டார்கள், எதையாவது தின்றுகொண்டே இருப்பார்கள். ஒருவர் மட்டும் தன்னுடைய ரெஸ்டிங் பல்ஸ் நாற்பத்துநான்கு என்று லெட்டர்பேடில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொன்னார். மாமனாருக்குக் காட்டவாம். மஞ்சள்காரர்கள் சிரிக்கத் தெரிந்தவர்கள். நடுவில் இருக்கும் நீலம்தான் தலைவலி. ஒவ்வொருவருக்கும் தான் ஏன் சிவப்பாக இல்லை என்பதற்கு ஒரு காரணம் இருக்கும். தூக்கமில்லை, ஷூ புதுசு, பெட்டி கால் அங்குலம் உயரமாக இருக்கிறது. டேப் வைத்து அளந்து காட்டிய பிறகு என் டேப்பைச் சந்தேகப்பட்டார்கள்.

பல்ஸ் எவ்வளவு ஏறுகிறது என்பதைவிட, உட்கார்ந்த பிறகு எவ்வளவு சீக்கிரம் இறங்குகிறது என்பதைத்தான் டெக்னீஷியன் பார்க்க வேண்டும். எலைட் ஆட்களுக்கு ஒரு நிமிஷத்தில் மளமளவென்று இறங்கும். மஞ்சளுக்கு டீ வந்து குடித்து முடித்தாலும் இறங்காது. நான் முப்பத்தோரு வருஷம் பிழைத்தது இந்த ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டுதான்.

2. வெறுங்கையோடு நடக்காத ஊர்

சாயங்காலம் பெட்டியைத் துடைத்து வைக்கும்போது ஒரு அம்மா ஒரு துணிப்பை நிறைய காகிதத்தோடு வந்தார். ஐம்பது வயது இருக்கும்.

"ஏனுங்க, நீங்க மொளகு பாய் மவன்தானுங்களே? உங்க அத்தாவுக்கு எங்கப்பன் மொளகு போட்டிருக்காருங்க. நான் புங்கவளவு வார்டு மெம்பர், பழனியம்மா."

என் அத்தா காரவள்ளியில் மிளகு வியாபாரம் செய்தவர். அந்த உறவைச் சொல்லிக்கொண்டு வந்தால் என்னால் எழுந்து போக முடியாது. உட்காரச் சொன்னேன்.

"எங்க ஊரு ஆளுங்களுக்கும் இந்தப் பொட்டி டெஸ்ட்டு எடுக்கோணும் பாய்."

"ரன்னருங்களுக்குத்தானே இது. உங்களுக்கு எதுக்கு?"

அவர் சொன்ன கதையைச் சுருக்கித் தருகிறேன். புங்கவளவு, கொல்லிமலையில் பைல் நாடு என்று சொல்லும் பகுதியில் ஒரு பள்ளத்தைத் தாண்டி இருக்கும் ஊர். தார் ரோட்டிலிருந்து ஒத்தையடிப் பாதையில் ஓடை வரை இறங்கி, அப்புறம் செங்குத்தாக ஏற வேண்டும். ஜீப் பாதை வேண்டும் என்று ஐந்து வருஷமாக மனு. எந்த ஆபீஸ் என்று சொல்ல மாட்டேன். அந்த ஆபீஸ் ஃபைலில் ஒரு விதி இருந்தது. சராசரி மனிதர் ஒருவர் நடந்துபோக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனால்தான் அந்த ஊர் ஜீப் பாதைப் பட்டியலில் சேரும்.

போன வருஷம் ஒரு ஆபீசர் நேரம் பார்க்க வந்தார். அவருக்கு முழங்கால் வலி. தார் ரோட்டிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து, "உங்கள்ல ஒருத்தர் போயிட்டு வாங்க, பாதியா வகுத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டார். பழனியம்மாவின் வீட்டுக்காரர் சடையன் கிளம்பினார். புங்கவளவுக்காரர்கள் அந்தப் பாதையில் வெறுங்கையோடு நடப்பதில்லை. போகிறவன் ஊருக்கு எதையாவது சுமந்துகொண்டுதான் போக வேண்டும். வெறுங்கையோடு போனால் வீட்டில் சண்டையா என்று கேட்பார்களாம். அதனால் சடையன் போகும்போது ஒரு சிப்பம் ரேஷன் அரிசி எடுத்துப் போனார். வரும்போது ஆபீசருக்கு ஒரு பலாப்பழம் தூக்கி வந்தார். மொத்தம் ஒரு மணி இரண்டு நிமிஷம். ஆபீசர் பாதியாக வகுத்தார். முப்பத்தொன்று. ஊரே கைதட்டியது.

"கை தட்டினோமுங்க பாய். அந்தக் கூட்டத்துல நானும் தட்டினேன்" என்றார் பழனியம்மா.

ஆபீசர் நேர்மையானவர். பலாப்பழத்தைத் தொடவில்லை. சடையன் அதை மறுபடி ஊருக்கே தூக்கிப் போனார். அடுத்த மாதம் கடிதம் வந்தது. முப்பத்தொரு நிமிட நடைதூரம் என்பதால் மனு நிராகரிக்கப்படுகிறது.

மறுபடி மனு போட்டு, மறுபடி ஆபீசரை வரவழைத்தார்கள். இந்தத் தடவை மெதுவாக நடக்க வேண்டும் என்று ஊர்க்கூட்டத்தில் முடிவு. மெதுவாக நடந்தால் சரிவில் முழங்கால் பிடித்துக்கொள்கிறது என்று சடையன் சொன்னதால், ஓடைக்கரையில் ஒரு கல்லில் முக்கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்துவிட்டுப் போ என்று சொல்லி அனுப்பினார்கள். அவரும் உட்கார்ந்தார். பக்கத்து வளவு ஆட்கள் இருவர் அந்த வழியாக வந்தார்கள். அந்தப் பாதையில் நல்ல உடம்புக்காரன் எவனும் உட்கார்ந்ததில்லை. என்ன ஏது என்று கேட்காமல் போர்வையை மூங்கிலில் கட்டி டோலியாக்கி, சடையனை அதில் போட்டுத் தூக்கிக்கொண்டு ஊருக்குள் போய் இறக்கிவிட்டார்கள். எனக்கு ஒன்றுமில்லை என்று அவர் கத்தியிருக்கிறார். ஜன்னியில் பேசுகிறான் என்று இன்னும் வேகமாகப் போயிருக்கிறார்கள். அவர் திரும்பி வந்ததும் பாதியாக வகுத்ததில் அன்றைய கணக்கு முப்பத்தெட்டு நிமிஷம்.

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. பழனியம்மாவும் சிரித்தார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"போன மழையில என் மருமவ செல்விக்கு அந்த ஓடையில டோலிலயே கொழந்தை பொறந்துச்சுங்க. மேல மழை, கீழ தண்ணி. நாந்தான் முந்தானையில புடிச்சேன். ரெண்டு உசுரும் பொழைச்சது எங்க நேரம். இன்னொருக்கா அப்படி நேரம் நல்லா இருக்குமுங்களா?"

அதற்கு மேல் எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாளைக்குக் காலையில் ஆட்களை அழைத்து வாருங்கள் என்றேன்.

3. உடற்பயிற்சி: இல்லை

சனிக்கிழமை காலை புங்கவளவிலிருந்து இருபத்திரண்டு பேர் வந்தார்கள். வெறுங்கையோடு ஒருவரும் வரவில்லை. சந்தைக்கு மிளகு, மரவள்ளிக் கிழங்கு, சேவல். மண்டபத்துக்கு உள்ளே சேவலைக் கட்டக்கூடாது என்று மேனேஜர் சொல்ல, சேவலைக் கையிலேயே வைத்துக்கொண்டு ஒருவர் பெட்டியில் ஏறி இறங்கினார். சேவலுக்குத்தான் மூச்சு வாங்கியது.

முதலில் படிவம் நிரப்ப வேண்டும்.

"வாரத்துக்கு எத்தனை நாள் உடற்பயிற்சி செய்வீங்க?"

"அதெல்லாம் இல்லீங்க."

"நடைப்பயிற்சியாவது?"

"நடக்கறதுக்கு என்னத்துக்குங்க பயிற்சி?"

இருபத்திரண்டு பேரும் இதையே சொன்னார்கள். விக்ரமின் அட்டவணைப்படி உடற்பயிற்சியே இல்லாதவர்கள் மஞ்சளுக்கும் கீழே. ஆனால் பெட்டியில் மூன்று நிமிஷம் ஏறி இறங்கிய பிறகு பல்ஸ் ஒரு நிமிஷத்தில் சிவப்புக்காரர்களைப் போல இறங்கியது. பழனியம்மாவுக்கு அதைவிட வேகமாக இறங்கியது. சடையன் மூன்று நிமிஷம் முடிந்தும் நிற்கவில்லை. "எப்பங்க ஆரம்பிக்கறது?" என்று பெட்டியின் மேலே இருந்தபடியே கேட்டார்.

விக்ரமுக்குக் கண் பிதுங்கிவிட்டது. சடையனின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணா, நாளைக்கு நீங்க எலைட்ல ஓடுங்க. உங்களுக்கு என்ட்ரி ஃப்ரீ."

"எதுக்கு ஓடோணும்? யாருக்கு என்ன ஆச்சு?"

அந்த மலையில் ஓடுகிறவன் கெட்ட சேதி கொண்டு ஓடுகிறவன். போட்டிக்கு ஓடுவது என்று விக்ரம் அரை மணி நேரம் விளக்கினான். சடையன் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப யாருக்கும் ஒண்ணும் ஆகலை. அப்புறம் எதுக்குங்க?" என்றார். விக்ரம் விட்டுவிட்டான். அதற்குப் பதிலாகப் புங்கவளவு ஆட்களை ஓடைக்கரையில் தண்ணீர் கொடுக்க வைத்துக்கொண்டான். பிப்பில் இருக்கும் சிப்பைப் பார்த்து நேரம் பதியும் ரப்பர் மேட் ஒன்று தார் ரோட்டில், அடுத்தது புங்கவளவில். மூன்று லெவலும் முதலில் அந்தப் பாதையில்தான் போக வேண்டும்.

மதியம் அதே ஆபீசர் வந்தார். முழங்கால் வலி இப்போது தேவலையாம். மறுநாள் கொடி அசைக்க அவர்தான் சிறப்பு விருந்தினர். நல்ல மனிதர், வயது நாற்பத்தெட்டு, கொஞ்சம் கனத்த உடம்பு, கையில் எப்போதும் ஃபைல். பழனியம்மா என் முதுகில் விரலால் குத்தினார். நான் இருபத்திரண்டு பேருடைய ரிப்போர்ட்டையும் அவர் முன்னால் வைத்தேன்.

"சார், உங்க விதியில சராசரி மனிதர்னு இருக்கு. இவங்க யாரும் சராசரி கிடையாது. எல்லாரும் எலைட் லெவல். இவங்க நேரத்தை வெச்சு ஊருக்குத் தூரம் போட்டா அது செல்லாது."

அவர் ஒவ்வொரு தாளாகப் படித்தார். "லாஜிக் இருக்கு. அப்ப சராசரி யாரு?"

அவருக்கு ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்தேன். இதயம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு பெட்டியில் ஏற்றினேன். ஒன்றரை நிமிஷத்தில் இறங்கி நாற்காலியைத் தேடினார். டீ வந்தது, குடித்தார், பல்ஸ் இறங்கவில்லை.

"நீங்கதான் சார்" என்றேன்.

கோபப்படுவார் என்று பயந்தேன். அவர் யோசித்துவிட்டு, "இதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. ஃபைல்ல வைக்கணும்" என்றார். அவர் சராசரி மனிதர் என்று சான்றிதழ் எழுதிக் கொடுத்தேன். முப்பத்தோரு வருஷத்தில் அப்படி ஒன்று எழுதியது அதுதான் முதல் தடவை. நாளை தானே நடந்து பார்ப்பதாகவும் என்ன நேரம் வருகிறதோ அதை அப்படியே எழுதுவதாகவும் சொன்னார். "நான் ஃபைல்ல பொய் எழுத மாட்டேன். கூடவும் எழுத மாட்டேன், கொறையவும் எழுத மாட்டேன்."

பழனியம்மா தன் கையாலேயே அவருக்கு மஞ்சள் பிப்பைக் குத்திவிட்டார்.

அன்று மாலை விக்ரம் எல்லோரையும் உட்காரவைத்து விதிகளைப் படித்தான். பதினோராவது விதி: வழியில் யாரும் ஓட்டக்காரரைத் தாங்கிப் பிடிக்கவோ தூக்கவோ கூடாது. அப்படி உதவி வாங்கினால் டி.என்.எஃப். அதாவது அவர் முடிக்கவில்லை என்று பதிவாகும்.

கடைசி வரிசையில் இருந்து பழனியம்மா எழுந்தார். "ஏனுங்க சாமி, உளுந்தவனைத் தூக்கக்கூடாதுங்களா?"

"கூடாதும்மா. தூக்கினா அவரு ரேஸ் போச்சு."

"அதென்ன ரூலு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். சடையனும் மற்றவர்களும் அந்த விதி காதில் விழுந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

4. ஐம்பத்தேழு

ஞாயிற்றுக்கிழமை எனக்குப் புங்கவளவு மேட் பக்கத்தில் மெடிக்கல் டியூட்டி. விடிவதற்கு முன்பே கிளம்பினேன். என்னுடைய நடைக்கு இரண்டு மணி நேரம் ஆனது. ஆனால் நான் ரிட்டயர் ஆனவன், சராசரியில் சேர மாட்டேன் என்று ஆபீசர் முதல் நாளே சொல்லிவிட்டார்.

ஏழு மணிக்கு அவர் கொடியை அசைத்துவிட்டு, கொடியை விக்ரம் கையில் கொடுத்துவிட்டு, கூட்டத்தோடு நடக்க ஆரம்பித்தார். முதல் சிவப்பு இருபத்தொன்பது நிமிஷத்தில் எங்கள் ரப்பர் மேட்டைத் தாண்டியது. உடம்பில் ஒட்டிய மெல்லிய சட்டை, மூவாயிரம் மைல் தாங்கும் ஷூ எல்லாம் போட்டுக்கொண்டு, அரிசிச் சிப்பம் சுமந்த சடையனைவிட இரண்டு நிமிஷம் முன்னால். நீலம் ஐம்பதை ஒட்டி வரத் தொடங்கியது.

மேட் பக்கத்திலிருந்து பார்த்தால் கீழே ஓடை தெரியும். மஞ்சள்காரர்கள் எறும்பு மாதிரி இறங்கிக்கொண்டிருந்தார்கள். நாற்பதாவது நிமிஷத்தில் ஆபீசர் ஓடைக்கு வந்தார். ஏற்றம் அதற்கு மேல்தான். நான் கணக்குப் போட்டேன். எப்படிப் பார்த்தாலும் ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகும்.

"ஜெயிச்சோம் பாய்" என்றார் பழனியம்மா. என் தோளில் ஓங்கித் தட்டினார். தோள்பட்டை இன்னும் அந்த இடத்தில் லேசாக வலிக்கிறது.

அப்போது ஆபீசர் ஒரு கல்லில் உட்கார்ந்தார். சடையன் போன வருஷம் உட்கார்ந்த அதே கல்.

தண்ணீர் கொடுக்கப் போட்டிருந்த புங்கவளவுக்காரர்கள் நான்கு பேரும் சொம்பைக் கீழே வைப்பது மேலிருந்தே தெரிந்தது. பழனியம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். "அய்யய்யோ. வேண்டாமுடா. வேண்டாமுடா சாமி."

போர்வை வந்தது. மூங்கில் வந்தது. ஆபீசர் கையை ஆட்டி ஏதோ சொல்கிறார். அவரைத் தூக்கிப் போர்வையில் போட்டாகிவிட்டது. சடையன் முன்னால், இன்னொருவர் பின்னால், மாற்றிப் பிடிக்க இருவர். அந்த டோலி புறப்பட்ட வேகத்தை நான் எந்த டிரெட்மில்லிலும் பார்த்ததில்லை. செங்குத்தான ஏற்றத்தில் நீல பிப் போட்ட இரண்டு பேரை ஓரம்கட்டி முந்திக்கொண்டு வந்தது. அதில் ஒருவர் பெட்டி உயரத்தில் குறை சொன்னவர்.

"மெதுவாடா! எறக்குங்கடா! மெதுவா வாங்கடா!" என்று பழனியம்மா மேலிருந்து கத்தினார்.

பொம்பளை இப்படிக் கத்துகிறாள் என்றால் ஆளுக்கு ரொம்ப மோசம் போல என்று நினைத்து அவர்கள் ஓடவே ஆரம்பித்துவிட்டார்கள். ஓடுகிறவர்களைப் பார்த்ததும் ஊருக்குள் இருந்த பெண்கள் யாருக்கோ என்னமோ ஆகிவிட்டது என்று வாயில் கை வைத்துக்கொண்டு எதிரே ஓடினார்கள். நாய்கள் பின்னால் ஓடின. மொத்தக் கூட்டமும் ரப்பர் மேட் மேல் ஏறியது. மெஷின் கீச்சென்றது.

ஐம்பத்தேழு நிமிஷம், பதினாறு செகண்ட்.

சடையன் டோலியை இறக்கிவைத்து மீசையைத் துடைத்தார். "சாரை ஒரு அலுங்கு அலுங்காம கொண்டாந்துட்டோமுங்க."

பழனியம்மா அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். நான் பக்கத்தில் போனேன்.

"இவங்களை நான் என்ன சொல்லித் திட்டறது பாய்? உட்கார்ந்தவனை உட்டுப்போட்டு வந்திருந்தாத்தான திட்டோணும்?" என்றார். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. ஐந்து வருஷ மனு, இரண்டு தடவை நேரம் பார்த்தது எல்லாம் அந்தப் போர்வைக்குள்ளேயே போய்விட்டது என்று நினைத்தேன்.

ஆபீசருக்கு பி.பி. பார்த்தேன். பரவாயில்லை. பயத்தில்தான் படபடப்பு. உப்பு போட்ட மோர் குடித்து எழுந்ததும் முதல் வேலையாக மெஷினைப் பார்த்தார்.

"ஐம்பத்தேழா?" அவர் குரலில் சந்தோஷம் இல்லை. "எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கும்மா. ஆனா கம்ப்யூட்டர் சொல்லுது. நான் என்ன பொய்யா எழுத முடியும்?" ஃபைலைத் திறந்து பேனா மூடியைக் கழற்றினார்.

அந்த நேரத்தில்தான் விக்ரம் மூச்சிரைக்க வந்து சேர்ந்தான். அவனுக்கு ரோடு விவகாரம் எதுவும் தெரியாது. அவன் கண்ணில் பட்டது ஒன்றுதான். மஞ்சள் பிப் ஒன்று நீலத்தின் நேரத்தில் பதிவாகியிருக்கிறது.

"யாரு சார் இது நூத்தி நாப்பத்தொண்ணு? எப்படி ஐம்பத்தேழு?"

"நான்தான்" என்றார் ஆபீசர். "தூக்கிட்டு வந்தாங்க."

விக்ரமின் முகம் சிவப்பு பிப் நிறத்துக்கு வந்தது. "தூக்கிட்டு வந்தாங்களா? ரூல் பதினொண்ணு சார்! டி.என்.எஃப்.!" போனை எடுத்துத் தட்டினான். "பதிஞ்சுட்டேன். நீங்க முடிக்கலை."

"நான் வந்துட்டனே தம்பி."

"வரலை சார்."

"இங்கதான நிக்கறேன்?"

"ரெக்கார்டுபடி நீங்க ஓடைக்கு இந்தப் பக்கம் வரவே இல்லை சார்."

எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டேன். சில நேரங்களில் டெக்னீஷியன் மானிட்டரை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும்.

ஆபீசர் சுற்றிலும் பார்த்தார். ஊரைப் பார்த்தார், நாயைப் பார்த்தார், கையிலிருந்த மோர்ச் சொம்பைப் பார்த்தார். இருபத்தைந்து வருஷமாக ஃபைலோடு வாழ்ந்த மனிதர் அவர். ரெக்கார்டு என்ற சொல்லுக்கு அவரிடம் இருந்த மரியாதை மலைக்குக்கூட இல்லை.

"ரெக்கார்டுல வரலைன்னா, வரலைதான்" என்றார் கடைசியில். "இதை எழுத்து மூலமா குடுங்க. சீல் வேணும்."

விக்ரம் சீல் வைத்துக் கொடுத்தான். மருத்துவக் காரணத்தை நான் எழுதினேன்: சராசரி உடல்தகுதி உள்ள நாற்பத்தெட்டு வயது ஆண், ஓடையில் இருந்து மேலே ஏற இயலாமல் நின்றுவிட்டார். ஒரு சொல் கூடப் பொய் இல்லை. ஆபீசர் இரண்டையும் ஃபைலில் கோத்து, கீழே தன் கையாலேயே எழுதினார். கள ஆய்வு அலுவலர் நேரில் நடந்தும் மேற்படி ஊரைச் சென்றடைய இயலவில்லை. படித்துப் பார்த்து, அலுவலக முத்திரைக்கு இடம் விட்டு, கையெழுத்துப் போட்டார். இடம்: புங்கவளவு என்று எழுதப் போனவர், சட்டென்று நிறுத்தி, 'ஓடை' என்று எழுதினார்.

பிறகு சென்றடையாத அந்த ஊரில் உட்கார்ந்து சாமைச் சோறும் நாட்டுக்கோழிக் குழம்பும் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

5. மிச்சம்

புங்கவளவு பட்டியலில் சேர்ந்தது. ஜீப் பாதை போட ஒரு வருஷம் ஆனது. விக்ரமுக்குக் கோபம். நல்ல ட்ரெயிலைக் கெடுத்துவிட்டார்கள், இனி எலைட் யாரும் வர மாட்டார்கள் என்று எனக்குப் போன் போட்டுப் புலம்பினான். யார் கெடுத்தது என்று நான் அவனிடம் இன்றுவரை சொல்லவில்லை. திறப்பு நாளில் ஜீப்பில் என்னையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். நாங்கள் போய் இறங்கும்போது சடையன் ஏற்கெனவே அங்கே நின்றுகொண்டிருந்தார், தோளில் பலாப்பழத்தோடு. எங்களுக்கு முன்னால் நடந்தே வந்துவிட்டாராம். ஆபீசர் இந்தத் தடவையும் பழத்தை வாங்கவில்லை. நான் வாங்கிக்கொண்டேன். எனக்கு விதி எதுவும் கிடையாது.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். சிவப்பு, நீலம், மஞ்சள் என்று மனிதர்களைப் பிரித்துக் கொடுங்கள், அது நம் வேலை. ஆனால் அந்த எண்ணை எடுத்துப் போகிறவர் அதை வைத்து யாருக்கு எதை மறுக்கப் போகிறார் என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். நல்ல இதயம் இருக்கிறது என்பதற்காக ஒரு ஊருக்கே பாதை இல்லாமல் போயிருக்கும். முப்பத்தோரு வருஷம் நான் அதைக் கேட்டதே இல்லை. ரிப்போர்ட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவேன்.

போன ஐப்பசியில் நல்ல மழை. ஒரு காலையில் பழனியம்மா போன் செய்தார். புங்கவளவில் சிக்னல் கிடைக்க ஒரு பாறை மேல் ஏறி நிற்க வேண்டும். காற்று இரைச்சலில் பாதிதான் கேட்டது. செல்விக்கு இரண்டாவது பிரசவம், வலி கண்டுவிட்டது என்றார். ஓடையில் தண்ணீர் எவ்வளவு போகிறது, டோலிக்கு ஆள் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே போனேன்.

"அட இருங்க பாய், நான் சொல்றதக் கேளுங்க" என்றார். "ஆம்புலன்ஸ் ஊட்டு முன்னாடி வந்து நிக்குதுங்க. செல்வி தானே நடந்து போயி ஏறி உட்கார்ந்துக்கிட்டா."

அவர் மூச்சு வாங்காமல் நிதானமாகப் பேசிக்கொண்டிருந்தார்.

"யாரும் ஓடலீங்க பாய்."